பழைய பெயரை எழுத மறுத்தவர்

அம்மாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து செய்த கடைசி வேலை, ஒரு கடவுச்சொல்லை மீட்பது. சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு மடிக்கணினியை வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் மின்னஞ்சல் கடவுச்சொல்லைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு மூடப்படும் என்று பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. அம்மா அந்த அறிவிப்பைச் சட்டையே செய்யவில்லை. அன்று வெள்ளிக்கிழமை காலை.

கணக்கை விட்டு வெளியே வரும் பழக்கமே அம்மாவுக்கு இல்லாததால் பழைய கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. மீட்புக்கென்று கொடுத்திருந்த தொலைபேசி எண், விலங்கியல் துறையில் அவர் மேசைமேல் இருந்த தொலைபேசியுடையது. அந்த இணைப்பை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். மிச்சமிருந்தது பாதுகாப்புக் கேள்வி மட்டும். உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர் என்ன?

"நாம எதையும் வளர்க்கலையேம்மா," என்றாள் மகள்.

"ஜாம் பாட்டில்ல ஒரு சிலந்தி இருந்துச்சு. நீ பொறக்கறதுக்கு முன்னாடி."

"அதுக்குப் பேரு வேற வச்சியா?"

"நான் எதுக்குடி வைக்கணும்? அறிவியல் பேரு இருக்கே. அதைத்தான் கொடுத்தேன்."

"அப்பாடா. அதையே அடி, முடிஞ்சுது வேலை."

அம்மா கைகளைக் கட்டிக்கொண்டார். "அந்தப் பேரு தப்பு."

கணக்கைத் தொடங்கியபோது அந்தப் பெயர் சரிதான். பிறகு அம்மாவே அந்தச் சிலந்தியை நுண்ணோக்கியில் பார்த்து, அது இத்தனை காலமும் வேறொரு குடும்பத்தின் பெயரில் வாழ்ந்துவருகிறது என்று நிரூபித்துக் கட்டுரை எழுதினார். உலகம் ஒப்புக்கொண்டது. பெயர் மாறியது. பல்கலைக்கழகத்தின் கணினிக்கு மட்டும் சேதி போகவில்லை.

"அது உண்மையைக் கேக்கலம்மா. அன்னிக்கு நீ என்ன சொன்னன்னு கேக்குது. அவ்வளவுதான்."

"அன்னிக்குச் சொன்னது தப்புன்னு தெரிஞ்சப்புறம் அதையே திருப்பிச் சொல்லச் சொல்றியா?"

"நான் அடிக்கறேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"யாரு அடிச்சாலும் என் பதில்தானே." அம்மா மடிக்கணினியை மூடினார். "கிளம்பு. நேர்லயே போவோம்."

மகள் ஒரு வங்கியின் கணினிகளைக் காவல் காப்பவள். கடவுச்சொல் தொலைத்தவர்களின் சாக்குப்போக்குகளை நாள் முழுக்கக் கேட்பதுதான் பிழைப்பு. இப்படி ஒன்றை அவள் கேட்டதில்லை.

அம்மா எப்போதும் இப்படித்தான். துறையில் சேர்ந்த புதிதில், பெண்ணாயிற்றே, வண்ணத்துப்பூச்சி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சிலந்தி எடுத்தார். சன்னல் இல்லாத அறையைக் கொடுத்தார்கள். என் ஆட்களுக்கு அதுதான் வசதி என்று குடிபுகுந்தார். மாணவர்கள் 'எட்டுக்கால் மேடம்' என்று பெயர் வைத்தபோது, மிச்ச ஆறு காலையும் காட்டச் சொல்லாதீர்கள் என்று வகுப்பிலேயே சொன்னார். கணவர் போன பிறகு, ஒண்டியாகப் பிள்ளை வளர்ப்பது கஷ்டமில்லையா என்று கேட்டவர்களிடம், என் சிலந்திகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

வீட்டுச் சிலந்திகளைப் பற்றி எளிமையாக ஒரு கையேடு எழுதினார். பின்னட்டையில் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி. 'கொல்வதற்கு முன் எனக்கு எழுதுங்கள்' என்று ஒரு வரி. ஓய்வு பெற்றதும் அவர் அறையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டினார்கள். மடல்கள் மட்டும் நிற்கவில்லை. குளியலறையில் ஒன்று இருக்கிறது, குழந்தை தூங்குகிற அறையில் ஒன்று இருக்கிறது, கடித்தால் என்ன ஆகும்? அம்மா ஒருவர் விடாமல் பதில் போட்டார். முகவரி போனால் அந்த ஆட்களும் போனார்கள்.

கணினி மையத்தின் பொறுப்பாளர் தன்மையான பெண்மணிதான். அதுதான் வம்பாகிவிட்டது.

"இதுக்கு ஏன் மேடம் அலையறீங்க? வெளியில இலவசமா ஒரு கணக்குத் தொடங்கிக்கோங்க. உங்க வயசுக்கு அதுதான் சுலபம்."

"புத்தகத்துல இந்த முகவரிதான் இருக்கு. வாங்கினவங்க வீட்டுக்கெல்லாம் போய்த் திருத்திட்டு வர்றீங்களா?"

"ஓய்வு பெற்றவங்களுக்கு இது நாங்க தர்ற சலுகை, மேடம். கட்டாயம் இல்லை."

"சலுகைன்னா எனக்கு வேண்டாம். நான் இன்னும் வேலை பாத்துட்டு இருக்கேன். சம்பளம் குடுக்கறதைத்தான் நீங்க நிறுத்தியிருக்கீங்க."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பு வந்துவிட்டது.

அடையாள அட்டை சரியாக இருந்தது. ஆனாலும் பாதுகாப்புக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்றார் பொறுப்பாளர். அது என்னவென்று அவர் திரையில் தெரிந்தது. வாய்விட்டுச் சொல்ல அவருக்கு அனுமதியில்லை. சொல்ல அம்மாவுக்கு மனமில்லை. பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் தொண்டையைச் செருமினார்.

அம்மா பையிலிருந்து தன் கட்டுரையை எடுத்து மேசைமேல் வைத்தார். தலைப்பிலேயே இரண்டு பெயர்களும் இருந்தன.

"இதுல எது தப்புன்னு எழுதியிருக்கேனோ, அதுதான் உங்ககிட்ட இருக்கும். பாத்துக்கோங்க."

பொறுப்பாளர் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "இருக்கு மேடம்," என்றார். "சொல்லிட்டீங்கன்னே வச்சுக்கறேன்."

"சொன்னேன்னு வச்சுக்காதீங்க. மறுத்தேன்னு வச்சுக்கோங்க."

விதிப்படி இது செல்லாது என்று மகளுக்குத் தெரியும். புதுக் கடவுச்சொல் போட்டார்கள். பழைய பதிலையும் அம்மா அங்கேயே நின்று திருத்த வைத்தார். திரும்பும்போது பேருந்தில் சன்னலோர இருக்கைக்காக இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். அம்மாதான் ஜெயித்தார்.

அடுத்த வாரமே போய்விட்டார். மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் மருத்துவர்.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு மடிக்கணினியைத் திறந்தாள். வேலை முடிந்ததும் கணக்கை விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அம்மா வரவில்லை. கணக்கு திறந்தே கிடந்தது.

கணக்குக்குரியவர் இறந்தால் உடனே கணினி மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் மூடிவிடுவார்கள். வங்கியில் இதே விதியை எழுதியவளே அவள்தான். தெரிவிக்கவில்லை. கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். கட்டுரை அம்மாவின் பையிலேயே இருக்கிறது, அவளும் வரிசையில் நிற்கத் தயார்.

அம்மா கடைசியாக அனுப்பியிருந்தது, ஒரு தையல்கடைக்காரருக்குப் பதில். கடை மூலையில் ஒரு சிலந்தி, வேலை செய்கிற பெண்கள் பயப்படுகிறார்கள், அடித்துவிடலாமா என்று கேட்டுப் படம் அனுப்பியிருந்தார். அம்மா எழுதியிருந்தார்: 'படம் போதாது. அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை நானே வருகிறேன். அதுவரை அந்த மூலையைப் பெருக்க வேண்டாம்.'

அதற்குக் கீழே, அன்று காலை வந்த ஒரு மடல்.

'மேடம், திங்கள் உங்களை எதிர்பார்த்தோம். வேலை இருந்திருக்கும். அது அங்கேயேதான் இருக்கிறது. அந்த மூலையை விட்டுவிட்டுத்தான் பெருக்குகிறோம். எப்போது வருவீர்கள் என்று சொன்னால் கடையைச் சீக்கிரம் திறந்து வைக்கிறேன்.'