டைகர் பிடுங்காத கொடி

இன்றைக்கும் யாராவது “நாய்தானே” என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாய்தானே, அடித்தால் கேட்க யார் இருக்கிறார்கள். நாய்தானே, பழியைத் தூக்கிப் போட்டால் வாய் திறந்து மறுக்கவா போகிறது. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் நடந்தது அப்படி ஒரு அநியாயம். செய்தவர் வேற்றாள் இல்லை, பெற்ற அப்பா. கூட நின்றவள் பெற்ற அம்மா. அதனால்தான் ஆறவே மாட்டேன் என்கிறது.

டைகர் குட்டியாக வந்தபோது எல்லோருக்கும் செல்லம். அம்மா பாலாடை எடுத்து வைப்பாள். அப்பாகூட அதைத் தாண்டிப் போகும்போது மிதித்துவிடாமல் பார்த்துப் போவார். “உட்கார்” என்றால் உட்காரும், “வா” என்றால் வாலும் உடம்புமாக ஆடிக்கொண்டு வரும். எல்லாம் நான் கற்றுக்கொடுத்தது. எட்டு மாதம் ஆனதும் என்ன வந்ததோ, கற்றது அத்தனையும் மறந்து போயிற்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு வாய்க்கால் பக்கம் ஓடும். கொடியில் காய்கிற துணியை இழுக்கும். கோழியைத் துரத்தும். வாசலில் யார் செருப்பை விட்டாலும் ஒற்றைச் செருப்புதான் மிஞ்சும்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் பார்த்தார்கள். அம்மா செருப்பில் எல்லாம் வேப்பெண்ணெய் தடவி வைத்தாள். கசந்தால் விட்டுவிடுமாம். அது நக்கிப் பார்த்துவிட்டு இன்னும் ஆசையாகக் கடித்தது. அப்பாதான் ஒரு வாரம் வேப்பெண்ணெய் நாற்றத்தோடு தாலுகா ஆபீசுக்குப் போய் வந்தார். அப்புறம் ஊர் மேயும் மாட்டுக்குக் கட்டுவதுபோல் டைகர் கழுத்தில் ஒரு கட்டையைக் கட்டித் தொங்கவிட்டார். பாவம், அந்தக் கட்டை முன்னங்காலில் இடிக்க இடிக்க ஓடியது. சித்தப்பாவின் வைத்தியம் பூவரசங்குச்சி. அவருடைய புதுக் கரை வேட்டியின் கரையை அது கிழித்துவிட்டதாம், அதற்காகக் கண்ட இடத்தில் எல்லாம் அடித்தார்.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தடவை கோட்டை விட்டுவிட்டு, புது ஆட்சி வந்ததிலிருந்து கரை வேட்டி கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் அலைந்துகொண்டிருந்தார். யாரைப் பார்த்தாலும் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சண்டைக்குப் போவார். அந்த மனிதர் நாய்க்கு ஒழுக்கம் சொல்லித் தருகிறாராம்! எனக்கு வயிறு எரிந்தது.

கடைசியில் குத்தாலத்து மாட்டு ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் நானே போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “மனுசப் புள்ளைக்கு வர்ற மாதிரிதாம்மா, இது விடலை வயசு. அடிச்சா இன்னும் முறுக்கிக்கும். நல்லா ஓடவிடு. கடிக்கிறதுக்கு அதுக்குன்னு ஏதாவது குடு. ஒரு வயசு தாண்டினா தானா அடங்கிடும்” என்றார். அன்றிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வரப்பு வரப்பாக அதை ஓட்டிக்கொண்டு போனேன். கடிக்கத் தேங்காய் மட்டை கொடுத்தேன். இருட்டியதும் மாட்டுக் கொட்டகையில் கட்டிவிடுவேன். பதினைந்து நாள் ஆயிற்று, ஒரு செருப்பு போகவில்லை. ஒரு துணி கிழியவில்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திருந்திக்கொண்டிருந்த பிள்ளையின் மேல்தான் பழி போட்டார்கள்.

அது குறுவை அறுப்புச் சமயம். எங்கள் ஊரில் அந்த வருஷம் கூலித் தகராறு முற்றிப் போயிருந்தது. தெற்குத் தெருவில் அறுப்பு அறுக்கிறவர்கள் எல்லோரும் சங்கம் சேர்ந்திருந்தார்கள். கேட்ட கூலியை ஒத்துக்கொள்ளாதவர் வயலில் சங்கத்தின் சிவப்புக் கொடியை நட்டுவிடுவார்கள். கொடி நிற்கும்வரை அந்த வயலில் யாரும் இறங்கக் கூடாது. வெளியூர் ஆளைக் கூட்டிவந்து இறக்கினால் வெட்டுக்குத்துதான். பக்கத்து ஊரில் ஒருவர் தலையில் பதினேழு தையலோடு கிடந்தார். அப்பா பெரிய மிராசுதார் ஒன்றும் இல்லை, ஐந்து ஏக்கர்தான். ஆனாலும் எங்கள் வயலிலும் ஒரு கொடி நின்றது. கதிர் தலை சாய்ந்து கிடக்க, ஐப்பசி மழை இன்றைக்கோ நாளைக்கோ என்று மேகம் கூடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் விடிந்ததும் டைகரை அவிழ்க்கக் கொட்டகைக்குப் போனேன். அங்கே நான் கண்ட காட்சியை என்னால் நம்பவே முடியவில்லை. அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு சிவப்புத் துணியின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். மறுமுனையை டைகர் கவ்வி உறுமிக்கொண்டு இழுத்தது. “கடி, நல்லாக் கடி” என்றார் அப்பா. கம்பவுண்டர் சொன்னது அப்பா காதுக்கும் எட்டிவிட்டது, கடிப்பதற்கென்று துணி கொடுத்து விளையாட்டுக் காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். அப்பா முகத்தில் விளையாட்டே இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. சந்தோஷம் தாங்காமல் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்து, “நீ ஒண்ணும் பாக்கலை. போய்ப் பல்ல வெளக்கு” என்றாள்.

எட்டு மணிக்கெல்லாம் எங்கள் வாசலில் நாற்பது பேர். எல்லோர் கையிலும் அறுப்பரிவாள். முன்னால் சங்கத் தலைவர் நின்றார். முன்பெல்லாம் அவரைப் பெயர் சொல்லித்தான் எங்கள் தெருவே கூப்பிடும். சங்கம் வந்த பிறகு அப்பாவே “தலைவரே” என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். அம்மா உள்ளே நெல் அறையைப் பூட்டி, அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு முறத்தில் அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பாவைக் காணவில்லை. சண்டை என்றால் முதல் ஆளாய் வருகிறவர் இன்றைக்குப் பார்த்து எங்கே தொலைந்தார் என்று இருந்தது எனக்கு.

“நேத்து சாயங்காலம்வரை நின்ன கொடிங்க. காலையில காணோம். கை வச்சது யாருன்னு தெரிஞ்சாகணும்” என்றார் தலைவர்.

அப்பா கொட்டகைக்குப் போனார். ஒரு கையில் டைகரின் கயிறு, மறு கையில் எச்சிலும் பல் தடமுமாகக் கிழிந்த சிவப்புத் துணி. “எப்படி மன்னிப்புக் கேக்கிறதுன்னே தெரியலை தலைவரே. இந்தச் சனியன் பண்ணின வேலை. விடலை நாய், எதைப் பாத்தாலும் பிடுங்குது” என்றார்.

அப்போதுதான் அது கொடி என்றே எனக்குப் புரிந்தது. டைகர் ஒன்றும் அறியாமல் வந்தவர்களைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. “பொய்! டைகர் ராத்திரி பூரா கொட்டகையில கட்டிக் கிடந்துச்சு! நான்தான் கட்டினேன்! அப்பாதான் அந்தத் துணியைக் குடுத்துக் கடிக்கச் சொன்னாங்க, நான் பாத்தேன்!” என்று கத்தினேன்.

பின்னால் நின்ற இளவட்டம் ஒருவன், “கேட்டீங்களா மாமா? பெத்த புள்ளையே சொல்லுது!” என்று அரிவாளை உயர்த்திக்கொண்டு முன்னால் பாய்ந்தான். தலைவர் திரும்பாமலே கையை நீட்டி அவனைத் தடுத்தார். என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். திறந்த வாசல் வழியே, பூட்டிய கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்த அம்மாவை வெகுநேரம் பார்த்தார். அம்மாவின் முறத்தில் அரிசி ஆடிக்கொண்டே இருந்தது.

பிறகு அவர் என்ன சொன்னார் தெரியுமா? “சின்னப் புள்ளை. நாய்மேல பாசம், அதைக் காப்பாத்த என்னமும் சொல்லும்” என்றார். அந்தக் கூட்டத்தில் உண்மை பேசிய ஒரே ஜீவன் நான். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்! அவருக்காக வந்து சாட்சி சொன்னவளையே! அப்பாவிடம் திரும்பி, “நாய்தான்னு நான் ஒத்துக்கிறேங்க. ஆனா இது இனிமே இந்த ஊர்ல இருக்கக் கூடாது. இன்னிக்கே அனுப்பிடுங்க. நாளைக்கும் நான் கையை நீட்டி நிறுத்த முடியாது” என்றார். அப்பா தலையை ஆட்டினார். கேட்ட கூலியையும் ஒத்துக்கொண்டார். எங்கள் தெருவில் முதலில் ஒத்துக்கொண்டவர் அப்பாதான். அதற்காக ஊர்ப் பெரிய மிராசுதார் வீட்டில் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நாற்பது பேரும் அப்படியே எங்கள் வயலுக்கு இறங்கிப் போனார்கள்.

டைகரை முத்துப்பேட்டைப் பக்கம் அத்தை வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று முடிவாயிற்று. கொண்டுபோகிறவர் யார்? சித்தப்பா! அதை அடித்தே பழகிய மனிதர். அறுப்பு நேரத்தில் ஓடி ஒளிந்ததற்குக் கடல் பார்க்கும் யோகமா என்று நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். அம்மா பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கி அவருடைய வேட்டி, சட்டை, போர்வை, கம்பளி என்று வைத்து அடுக்கினாள். ஒரு நாயை விட்டுவிட்டு வர எதற்கு இத்தனை துணி என்று கேட்டேன். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “அழறதுன்னா டைகருக்கு அழு” என்றேன்.

ஸ்டேஷனில் டைகருக்குத் தனியாகச் சீட்டு வாங்கி, ரயிலின் கடைசிப் பெட்டியான கார்டு வண்டியில் இருந்த நாய்க் கூண்டில் அடைத்தார்கள். உள்ளே போக மாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. சித்தப்பாதான் மண்டியிட்டு, தூக்கி, உள்ளே விட்டார். அது அவர் முகத்தை நக்கியது. அவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “ஒண்ணும் பண்ணாத ஜீவன்” என்றார். பார்த்தீர்களா, அவருக்கும் தெரிந்திருக்கிறது! “அப்படின்னா வாங்க, அப்பாகிட்ட சொல்லுங்க” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. “பயந்தாங்கொள்ளி” என்றேன். அப்பா அதட்டவில்லை. சற்றுத் தள்ளி, சிக்னல் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரயில் கிளம்பியது. சித்தப்பா ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து எனக்காகக் கையை நீட்டினார். அந்தக் கொடியைப் பிடுங்கி வந்தவர் அவர்தான் என்பதும், பூட்டிய நெல் அறைக்குள் அன்று காலை மூச்சடக்கி உட்கார்ந்திருந்தவர் அவர்தான் என்பதும், ஊரை விட்டு அனுப்பச் சொல்லித் தலைவர் கேட்டதும் அப்பா தலையாட்டியதும் யாரைப் பற்றி என்பதும், அந்தப் பிளாட்பாரத்தில் எனக்கு மட்டும்தான் தெரியாது. நீட்டிய கையைத் தட்டிவிட்டு, கடைசிப் பெட்டியைப் பார்த்து மட்டும் கையாட்டினேன்.