பீஹா கரையில் கண்ட பிறை

மார்ச் மாதம், வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி. கிளென் ஈடன் ரயில் நிலையத்தை விட்டு நான் வெளியே வந்தபோது நௌஷாத் கார் இன்ஜினை அணைக்காமலே காத்திருந்தார்.

"ஏறுங்க அண்ணே. மேகம் கூடிட்டு வருது" என்றார். வரவேற்பு அவ்வளவுதான்.

நான் தூத்துக்குடிக்காரன். தீவுகளுக்கு இஸ்லாம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எழுதப் போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு, இலங்கையும் மாலத்தீவும் சுற்றி முடித்து, கடைசியில் ஓக்லாந்துக்கு வந்திருந்தேன். நௌஷாத் இலங்கையின் பேருவளையைச் சேர்ந்தவர். இங்கே பஸ் ஓட்டுகிறார். மாதாமாதம் மேற்குக் கடற்கரைக்குப் போய்ப் பிறை பார்த்துச் சொல்லும் தொண்டர்களில் ஒருவர். அன்று ரமலானின் இருபத்தொன்பதாம் நோன்பு. பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு.

டெய்ரி என்று இங்கே சொல்லும் பெட்டிக்கடை ஒன்றில் மூன்றரை டாலருக்கு ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கினேன். நோன்பு வைத்திருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க மனம் வரவில்லை. தாகத்தோடு அதை மடியில் வைத்துக்கொண்டேன்.

"தெரியலைன்னா ஒரு நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதானே? இதுக்கா இவ்வளவு பதற்றம்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

வளைவு ஒன்றைக் கடந்த பிறகு அவர் சொன்னார்: "நாளண்டைக்கு, ஞாயிறு விடிய ராத்தா போயிருவா அண்ணே. ஆஸ்திரேலியா, பேர்த்துக்கு. மகளோட ஒரேயடியா."

அக்காவைத்தான் அவர்கள் ராத்தா என்கிறார்கள். ரஹீமா ராத்தா ஓக்லாந்தின் மறுபக்கம், பாட்டனி டவுன்ஸில் இருக்கிறார். அந்த வீட்டில் பெருநாள் தேதி கணக்குப் போட்டு முன்கூட்டியே அச்சடித்த நாட்காட்டிப்படி. நௌஷாதுக்கோ கண்ணால் கண்டால்தான் பெருநாள். இதைச் சொல்லி, அக்காவின் கணவரான மச்சானோடு ஒருமுறை வாய்த்தகராறு. மச்சான் இறந்தும் போய்விட்டார், தகராறு போகவில்லை. அதற்குப் பிறகு பெருநாள் சஹனில் அக்காவும் தம்பியும் ஒன்றாக உட்காரவே இல்லை. சஹன் என்பது பெரிய தாம்பாளம். ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுவார்கள். அக்காவின் நாட்காட்டி நாளைதான் பெருநாள் என்கிறது.

"இந்த முறையாவது என்ட சஹன்ல வந்து இரு எண்டு ராத்தா சென்னா. பிறை கண்டா வாறன் எண்டு சென்னேன். காணாட்டி எனக்கு நோன்பு. நோன்போட போய் எப்பிடிச் சோத்துல கை வைக்கிற?"

பீஹா கடற்கரை இருபத்தைந்து கிலோமீட்டர் போல. மலைக்காட்டுக்குள் நெளியும் ஒடுங்கிய சாலை. ஒவ்வொரு திருப்பத்திலும் போத்தல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதற்கிடையிலும் வந்த வேலையை விடாமல், பேருவளைக்கு இஸ்லாம் எப்படி வந்தது என்று கேட்டேன். பெரிதாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தால், "கப்பல்ல வந்தாங்க. காத்து மாறுற வரைக்கும் இருந்தாங்க. கலியாணம் முடிச்சாங்க" என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? வந்த எடத்துல பிறை பாத்து நோன்பு புடிச்சாங்க. பொய் செல்லாத ஆக்கள் எண்டு ஊர் நம்பிச்சு." கொஞ்ச தூரம் போனதும் தானாகவே சேர்த்துக்கொண்டார்: "பிறை கண்டவனை எங்கட ஆக்கள் சும்மா உட மாட்டாங்க அண்ணே. எவ்வளவு ஒசரம், கொம்பு எந்தப் பக்கம் பாத்திச்சு, எல்லாம் கேப்பாங்க. பொய்க்காரன் கொம்புல மாட்டிக்குவான்."

ஏழு மணி. கறுப்பு மணல், பேரலை, மேற்கு முழுக்கச் சாம்பல் நிற மேகம். ஃபிஜியிலிருந்து வந்த சலீம் தொலைநோக்கியோடு முன்பே நின்றிருந்தார். தச்சுவேலை செய்பவர். அவருடைய முன்னோர்களை மலபாரிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றினார்கள். கூலியாகப் போன இடத்தில் தொழுகைக்கு ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஓக்லாந்துக்கு வந்து முதலில் வீட்டு ஹாலில் தொழுதார்கள், பிறகு பள்ளிவாசல் கட்டினார்கள். ஏடுகளில் தேடிய கதை என் எதிரே மழைக்கோட்டோடு நின்று, "மேகம், மேகம்" என்று தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏழரைக்குச் சூரியன் மேகத்துக்குப் பின்னால் எங்கோ இறங்கியது. பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தார்கள். நானும் அப்போதுதான் போத்தலைத் திறந்தேன். வானத்தில் ஒரு விரிசலும் இல்லை.

"அஞ்சு நிமிசத்துல மஃரிப் தொழுதுட்டு வாறோம்" என்றார் நௌஷாத். சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை அது. இங்கிருந்து மக்காவும் கடல் பக்கந்தான். இருவரும் மேற்கே பார்த்து நின்றார்கள், பார்வை மட்டும் மணலில்.

அவர்கள் நெற்றியை மணலில் வைத்த நேரம் மேகம் கிழிந்தது.

சூரியன் விழுந்த இடத்துக்கு வலப்புறம், தாழ்வாக, நகத்துண்டு போல ஒரு கோடு. மாதம் தவறாமல் மூன்றாம் பிறை பார்க்க அம்மா என்னை மொட்டைமாடிக்கு இழுத்துப் போனதில் பழகிய கண் இது, ஏமாறாது. ஊரில் பிறை தோணிபோல மல்லாந்து கிடக்கும். இது வலப்பக்கமாகச் சாய்ந்து, கொம்புகளை மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

கத்த வாயெடுத்தேன். தொழுகையில் இருப்பவரைக் கூப்பிடலாமா? குறுக்கே போகக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். நிமிருங்கள், நிமிருங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். நிமிர்ந்தார்கள், கண் தாழ்ந்தே இருந்தது. அவர்கள் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பும்போது மேகம் மூடிவிட்டது.

"பார்த்தேங்க! சத்தியமா பார்த்தேன்!"

நௌஷாத் ஓடி வந்து வானத்தைத் தேடினார். இருட்டும்வரை தேடினோம். பிறகு என் தோளில் கை வைத்தார். "நீங்க பொய் செல்லுறீங்க எண்டு நான் நினைக்கல்ல அண்ணே. ஆனா பிறைக்குச் சாட்சி முஸ்லிமா ஈக்கணும். உங்கட பேர்ல நான் அறிவிக்க ஏலாது."

எனக்குச் சுருக்கென்றது. கண் என்ன மதம் பார்த்தா பார்க்கிறது? "நான் ஒரு சத்தம் போட்டிருந்தா?"

"போட்டிருந்தாலும் நான் நிமிர்ந்திருக்க மாட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

கரையில் போன் வேலை செய்யவில்லை. மலையேறியதும் அடித்தது, பிறை அறிவிப்பவர்களிடமிருந்து. நாடு முழுக்க மேகம், யாரும் காணவில்லை, நாளைக்கும் நோன்பு. கேட்டுவிட்டு நௌஷாத் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபமும் இருந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

சனிக்கிழமை, மாலை ஏழு மணி, பாட்டனி டவுன்ஸ். பெருநாள் விருந்து மத்தியானமே முடிந்திருக்கும், விடைபெற்று வரலாம் என்று என்னையும் கூட்டிப் போனார். வாசலில் கட்டிய பெட்டிகள். கூடத்தில் விரிப்பின்மேல் மூடி போட்ட ஒரு சஹன். மற்றவர்களுக்கு மத்தியானம் பரிமாறிவிட்டு, இதை மட்டும் திறக்காமல் வைத்திருந்தார் ரஹீமா ராத்தா. நௌஷாத் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

பாங்கு நேரம் வந்தது. தம்பி கையில் அக்கா பேரீச்சம்பழத்தை வைத்தார். தொழுகை முடிந்து மூடியைத் திறந்தார். அவர்களுக்குப் பொழுது சாய்ந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடும்.

"மஃரிப்போட எனக்குப் பெருநாள் முடிஞ்சு ஒனக்குத் தொடங்குது. வாதாடாம இரு, சோறு ஆறுது."

நௌஷாத் முதல் பிடியை எடுத்தார். பக்கத்தில் எனக்கும் இடம் விட்டார்கள்.

வட்டிலப்பம் என்னும் தேங்காய்ப்பால் இனிப்புக்குப் பிறகு முற்றத்துக்கு வந்தோம். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பிறை நன்றாக உயர்ந்து, தடித்து நின்றது. முதல்நாள் பிறை அப்படி இருக்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"நேத்து நீங்க கண்டீங்களாமே?" என்று ராத்தா என்னைக் கேட்டார்.

"ஆமாங்க."

நௌஷாத் வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே மெதுவாகக் கேட்டார்: "செல்லுங்க அண்ணே. கொம்பு எந்தப் பக்கம் பாத்திச்சு?"