மைக்கை விட்டு இறங்கிய அக்கா

அக்காவைப் பற்றி எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் துக்கத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. அதை மறைத்து எழுதினால் இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் உங்களில் பலருக்கே தெரிந்துவிடும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தவர்கள் அக்கா. அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அக்கா நர்சிங் முடித்து டெல்லிக்கு வந்து, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் என்னையும் வைத்துப் படிக்க வைத்தார்கள். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றபின் ஜனக்புரியில் எங்களோடு இருந்தார்கள்.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தை அக்கா பதினாறு ஆண்டுகள் நடத்தினார்கள். அவர்கள் பேசினால் ஹாலில் ஒரு நாற்காலிகூட நகராது. வெளியூர்க் கன்வென்ஷன் கூட்டங்களில் பேசவும் அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியைக் கவனிப்பவனாகக் கூடவே போன எனக்கும் முன்வரிசையில் இடம் கிடைத்தது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சனிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு, ஜங்புராவின் மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் குடியிருந்து வீட்டுவேலை செய்துவந்த செல்வி என்பவர் தாமதமாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவருடைய போன் இரண்டு முறை அடித்தது. அக்கா பேச்சை நிறுத்தி, ஆண்டவருக்கு ஒரு மணி நேரம் கொடுக்க முடியாதவர்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்று மைக்கிலேயே சொன்னார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்வி எழுந்து போய்விட்டார். சரியாகத்தான் சொன்னார்கள் என்று நானும் நினைத்தேன்.

அரசு அந்தக் கேம்பை இடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இடிக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டிய வாரம்தான் அந்த உபவாச ஜெபம். செல்வி ஜெபம் கேட்க வந்திருக்கிறார். போனில் அழைத்தது, வீட்டுப் பத்திரங்களோடு உடனே வரச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரி.

அக்கா நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வாரக் கன்வென்ஷனுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். போஸ்டர் அச்சாகிவிட்டதே என்று நான் சத்தம் போட்டேன்.

“பதினாறு வருசமா பேசுதேன்ல. என் பேச்சக் கேட்டு ஜெபத்துக்குக் கை தூக்குனவங்கள்ல ஒருத்தி வீடாவது எனக்குத் தெரியுமா? சொல்லு பாப்போம்,” என்றார்கள்.

எனக்கு இன்னும் கோபம் வந்தது.

செல்விக்கு டெல்லியின் கோடியில் நரேலாவில் மாற்று வீடு ஒதுக்கியிருந்தார்கள். மெட்ரோ, பஸ், பிறகு நான்கு மாடி. இதய நோய் இருந்த அக்கா படியே ஏறக்கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. அப்படியும் ஏறிப் போய், மூச்சு வாங்க வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார்கள். செல்வி உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“அத்தினி பேர் முன்னால திட்டினீங்க. இங்க வந்து தனியா மன்னிப்பு கேக்குறீங்க. இது எப்பிடிக்கா?” என்றார்.

அடுத்த சனிக்கிழமை அக்கா ஹாலில் எழுந்து, செய்த தவறைச் சொல்லி, பொறுப்பிலிருந்து விலகினார்கள். என் மனைவி அழுதாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், வெட்கத்தால். அக்கா விசுவாசத்தில் பின்வாங்கிப் போய்விட்டார்கள் என்று சபையில் பேசினவர்கள் யார் யார் என்பது எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் இப்போது ‘மேடையை அதிர வைத்த ஊழியக்காரி’ என்று இரங்கல் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்த மேடையை அக்கா விட்டுவிட்டார்கள் ஐயா. அதை எழுதுங்கள்.

அதன்பின் வியாழன்தோறும் நரேலா. செல்வி மெல்ல மெல்லக் கதவைத் திறந்தார். அக்கா அங்கே பிரசங்கம் பண்ணவில்லை. பெண்களுக்கு பிரஷர் பார்ப்பார்கள், மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வார்கள், அந்தப் பெண்கள் பேசுவதைக் கேட்பார்கள். ஜெபத்தைச் செல்வி நடத்துவார். இரண்டு பேராகத் தொடங்கியது ஒன்பது பேரானது. வீடு ஒதுக்கப்படாமல் தெருவில் நின்ற ஒருத்தியைச் செல்வி தன் ஒற்றை அறையிலேயே சேர்த்துக்கொண்டார். எங்கள் ஐக்கியத்தில் அத்தனை ஆண்டுகளில் அப்படி ஒன்று நடந்ததாக எனக்கு நினைவில்லை. அப்போதும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று வியாழன்தோறும் சண்டை போட்டேன்.

கடைசியாக அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது செல்வி தினமும் வந்து உடம்பைத் துடைத்துவிட்டார். ஒருநாள் பெரிய போதகர் ஒருவர் பார்க்க வந்தார். கட்டிலருகே நின்ற செல்வியை, “கொஞ்சம் வெளிய நில்லும்மா,” என்றேன். அவர் போனார்.

“அவளக் கூப்பிடு. எனக்கு ஜெபம் பண்ணுதது அவதான்,” என்றார்கள் அக்கா.

போதகர் சிரித்துச் சமாளித்தார். நான் வராண்டாவுக்குப் போனேன். செல்வி அங்கே இல்லை. வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பியிருந்தார். இரண்டு நாள் கழித்து அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

அக்காவுக்கு மருத்துவம் பார்த்த டாக்டர்களுக்கும், கல்லறை வரை உடன் வந்த சபையாருக்கும், ஊரிலிருந்து ரயிலேறி வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என்னோடு சண்டை போடாமல் அக்காவை வியாழக்கிழமைகளில் மெட்ரோ நிலையத்தில் கொண்டுபோய் விட்ட என் மனைவிக்கும் நன்றி.

செல்வி அம்மாவுக்கு இங்கே நன்றி எழுதவில்லை. அவரை வெளியே நிற்கச் சொன்னதற்கு இன்னும் நான் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்கு மலரைத் தபாலில் அனுப்பிவிடலாமே என்றார்கள் வீட்டில். வேண்டாம், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றிருக்கிறேன். இந்த வியாழக்கிழமை லீவு போட்டிருக்கிறேன்.