ராஜி அக்கா குரல் கொடுத்த குசினிக்காரன்

ராஜி அக்கா போய்விட்ட செய்தி எனக்கு மரண அறிவித்தலாகத்தான் வந்தது. 'அட்டனைப் பிறப்பிடமாகவும் நோர்பரியை வதிவிடமாகவும் கொண்ட' என்று அதில் இருந்தது. நான் வாசித்து முடிக்குமுன்னே மோர்டனிலிருந்து ஒரு நண்பர் போன் எடுத்தார்.

"அண்ணை, பாத்தியளே? பிறப்பிடத்தைப் பிழையா அடிச்சுப்போட்டாங்கள். அக்கா யாழ்ப்பாணமெல்லே!"

"பிழையில்லை" என்றேன். ஊர்வம்பில் எனக்கு லண்டனில் இணை கிடையாது. ஆனால் இந்த ஒன்றை மட்டும் ஐந்து வருடமாக விழுங்கி வைத்திருந்தேன். காரணம், இந்தக் கதையில் வில்லன் நான்.

நோர்பரிச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு அக்காவுடையது. புரொஜெக்டர் புதிதாக வந்த வருடம், ஜப்பான்காரர் வரைந்த கார்ட்டூன் படமொன்றைப் பிள்ளைகளுக்குப் போட முடிவெடுத்தோம். ஒரு சிறுமி பறக்கும் கப்பலில் மேகக் கடலைக் கடக்கிற கதை. சத்தத்தைக் குறைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் மைக் பிடித்து நாங்களே தமிழில் பேசுவதாக ஏற்பாடு. வசனம் அடியேன். மற்றவர்களுக்கெல்லாம் வேறு வேலை இருந்தது.

கப்பலில் எல்லாரும் வெள்ளை வெளேர். ஒருவன் மட்டும் கறுப்பு, அவன் சமையல்காரன். "ரீச்சர், ஏன் எங்கட கலர் ஆள் மட்டும் குசினிக்க நிக்குது?" என்று முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டதாக அக்கா வந்து சொன்னார்.

"வரைஞ்சது ஜப்பான்காரன். அவனைக் கேளுங்கோ" என்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். கப்பலில் எல்லாருக்கும் யாழ்ப்பாணத் தமிழ் எழுதினேன். சமையல்காரனுக்கு மட்டும், சபை சிரிக்க வேண்டுமென்று, மலையகத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ். "சரிங்க தொரை, வந்துட்டேங்க தொரை" என்று கால் தடுக்கி விழுகிறவன். அவனுக்குக் குரல் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. அக்கா கேட்டு வாங்கினார். ஒத்திகையில் அந்தத் தமிழ் அவர் வாயில் அச்சொட்டாகப் பொருந்தியது.

"எங்கையக்கா பழகினியள் இந்தத் தோட்டக்காட்டுத் தமிழ்?" என்று வயிறு குலுங்கச் சிரித்தேன்.

"பக்கத்து வீட்டில, தம்பி."

படம் போட்ட அன்று, புயல் வருகிற இடம். வழி தெரிந்தவன் அந்தச் சமையல்காரன் ஒருவன்தான். மூலத்தில் சிறுமிக்கு நிதானமாக வழி சொல்கிறான். நான் அதை வெட்டி, அவனை உளற விட்டிருந்தேன். அக்கா என் தாளை மடித்துக் கீழே வைத்தார். வீட்டில் பலதடவை பார்த்திருக்க வேண்டும், தாளில்லாமலே பேசினார்: "பயப்படாத தங்கச்சி. காத்து எந்தப் பக்கம் திரும்பும்னு எனக்குத் தெரியும். நான் இருக்கேன்ல?"

அதே மலையகத் தமிழ்தான், படம் முடியும்வரை. ஒருவரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் வாய் திறந்தபடி இருந்தார்கள். எனக்கோ ஆத்திரம்.

"என்னக்கா, என்ர பகிடியெல்லாத்தையும் விழுத்திப்போட்டியள்?"

"நிறத்தைத்தான் ஜப்பான்காரன் குடுத்தவன், தம்பி. தொரையை நீங்களெல்லே குடுத்தது?" பிறகு, என்னிடம் ஒருநாளும் பேசாத தமிழில் மெதுவாகச் சொன்னார்: "நான் மலையகத்துல, அட்டன்ல பொறந்தவ. எங்கப்பா எந்தத் தொரை முன்னாலயும் அப்படித் தடுக்கி விழுந்ததில்ல."

யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டு முப்பது வருடம் எங்களோடு எங்கள் தமிழிலேயே "ஓம்" சொல்லியிருக்கிறார். எங்களில் எவருக்கும் தெரியாது.

அடுத்த வாரமே நாலாம் வகுப்பு முழுக்க "நான் இருக்கேன்ல" என்று திரிந்தது. பெற்றோர் முறைப்பாடு செய்தார்கள். "பிள்ளையள் பிழையான தமிழ் பழகுதுகள். அக்கா, நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுங்கோ" என்றார் கூட்டத்தில் பள்ளிக்கூடத் தலைவர். கணவர் போனபின் அக்காவுக்கு இருந்தது அந்த வகுப்பு ஒன்றுதான். அவர் என்னைப் பார்த்தார். பகிடி என்னுடையது, படத்தின் உண்மையான வசனத்தைப் பேசியவர் அவர் என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும். எதற்கும் ஒரு பகிடி கைவசம் வைத்திருக்கிற நான் மட்டன் ரோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தேன். அக்கா பிள்ளைகளின் பெயர் இடாப்பை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

பிறகொருமுறை ஈஸ்ட் ஹாமில், மரக்கறிக் கடையில் கண்டேன். "என்ன எழுத்தாளர், உங்கட குசினிக்காரன் சுகமோ?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "சுகம் அக்கா" என்று முருங்கைக்காயையும் போட்டுவிட்டு ஓடிவந்தேன். மன்னிப்புக் கேட்பதற்குச் சுவையான வசனம் ஒன்றைத் தேடியே ஐந்து வருடம் போய்விட்டது.

அக்காவின் நினைவாக அதே படத்தைத் திரும்பப் போடப் போகிறார்களாம். என்னிடம் வசனம் கேட்டார்கள். என் தாளைக் கொடுக்க மாட்டேன். அக்கா பேசியதை எவரும் எழுதி வைக்கவில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் புயல் நேரத்து மூன்று வரி மட்டும். அன்று மண்டபத்தில் இருந்தவர்களே, உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். மிச்சம் யாருக்காவது ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள். அக்காவின் தமிழிலேயே சொல்லுங்கள். நான் திருத்த மாட்டேன்.