மணலில் துள்ளாத பந்து

கல்லடிக் கடற்கரை மணல் உள்ளங்காலைச் சுட, பழைய தோல் பந்தின் புளித்த மணம் கைகளில் ஒட்டியிருக்க, நாங்கள் ஐந்து பெண்கள் பின்னேரங்களில் ஓடிய ஓட்டத்துக்கு ஊர் வைத்த பெயர் "பேய்க்கூத்து". அந்தக் கூத்துக்குத் தலைவி என் மாமாவின் மகள் ரஞ்சி மச்சாள். எங்கள் பக்கத்தில் பெண்களுக்கென்று கூடைப்பந்து அணி ஒன்றை முதன்முதலாக உண்டாக்கியவள் அவள்தான். அப்போது அவளுக்குப் பதினேழு வயது, எனக்குப் பதினான்கு.

வாவிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நகரில் இருந்த ஒரேயொரு சீமெந்து ஆடுகளத்தில் ஆண்கள் மட்டுமே ஆடினார்கள். அதற்குப் பொறுப்பான பெரியவரிடம் மச்சாள் மூன்று தரம் போய்க் கேட்டு, மூன்று தரமும் "பொம்புளப் புள்ளையளுக்கு என்னத்துக்குப் பந்து?" என்ற கேள்வியோடு திரும்பி வந்தாள். வேறு வழியில்லாமல் கடற்கரைத் தென்னையொன்றில் பீப்பாய் வளையம் ஒன்றை ஆணியடித்து மாட்டினோம். வாவியில் மீன்பிடிக்கும் மாமா, மகள் கேட்டாள் என்று ஆசையோடு அதற்கு வலை பின்னித் தந்தார்; ஆனால் பழக்கதோஷத்தில் அடியையும் சேர்த்துக் கட்டிவிட்டார். முதல் பந்து உள்ளே விழுந்தது, வெளியே வரவில்லை. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்ததில் மனிதருக்கு ரோசம் வந்துவிட்டது.

"உள்ள வந்தத வெளிய விடுறதுக்கு ஆராவது வலை கட்டுவானா?" என்றார். மறுநாள் அவரே ஏறி அடியை அறுத்துவிட்டார்.

மணலில் பந்து துள்ளாது. தட்டினால் அங்கேயே குந்திவிடும். அதனால் பந்தை நிலத்தில் படவிடாமல் கைக்குக் கை எறிந்தே ஆடப் பழகினோம்; கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் அங்கே ஒருத்தி நிற்பாள் என்ற அளவுக்குப் பழகினோம்.

நான்காம் தரம் மச்சாள் போனபோது, தொல்லை தாங்காமலோ வேடிக்கை பார்க்கும் எண்ணத்திலோ, பெரியவர் ஒரு நிபந்தனை போட்டார். வெளியூரிலிருந்து வரும் பெண்கள் அணியை வென்றால் வாரத்தில் இரண்டு பின்னேரம் ஆடுகளம் எங்களுக்கு. தோற்றால் இனி அந்த வாசலை மிதிக்கக்கூடாது.

சீமெந்தைக் கண்டதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பந்து துள்ளுகிற அழகில் மயங்கி, நானும் அந்த வெளியூர்க்காரிகளைப் போலத் தட்டிக்கொண்டு ஓடப் பார்த்தேன். அது எகிறி, பற்கள் அதிர என் நாடியிலேயே குத்தியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். இடைவேளையில் எட்டுப் புள்ளிகள் பின்னால் நின்றோம். மச்சாள் ஏசவில்லை. என் நாடியைத் தடவிவிட்டு, "இது மணல் எண்டு நெனச்சி விளையாடுகா. கீழ போடாத" என்றாள்.

அவ்வளவுதான். பிறகு பந்து தரையில் படவேயில்லை. எதிரணியினர் பந்து கீழே விழும், பறிக்கலாம் என்று குனிந்து குனிந்து காத்திருக்க, அது அவர்கள் தலைக்கு மேலால் எங்கள் கைகளுக்குள் போய்க்கொண்டேயிருந்தது. கடைசி எறி மச்சாளுடையது. ஒரு கூடையால் வென்றோம். அன்று பாலத்தால் நடந்து வரும்போது நான் வாய்விட்டு அழுதேன், அத்தனை சந்தோசம்.

இத்தனை வருடங்களுக்குப் பிறகு, போன மாதம் மச்சாளோடு அந்த ஆடுகளத்துக்குப் போனேன். எங்கள் தென்னையையும் அது நின்ற கரையையும் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. பெரியவரும் இல்லை, அவருடைய கேள்வியைக் கேட்கவும் இன்று ஆளில்லை. ஆடுகளம் நிறையப் பெண்பிள்ளைகள். தண்ணீர் குடிக்க வந்த ஒருத்தியிடம், இங்கே பெண்கள் எப்போதிருந்து விளையாடுகிறார்கள் என்று கேட்டேன்.

"எப்பயும் விளையாடுறதானே, அன்ரி" என்றாள், இதென்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்து.

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் நிற்பவள் யாரென்று சொல்ல வாயெடுத்தேன். மச்சாள் என் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

"விடுகா, எப்பயும் எண்டே இருக்கட்டும்" என்றாள். "அதுக்குத்தானே நாலுதரம் போய்க் கேட்டன்."