குட்டியைக் கீழே வைக்காத குரங்கு

எட்டாம் மாதத்தில் என் குழந்தை தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் இறந்தே பிறந்தது. பார்த்தால் தாங்கமாட்டாள் என்று மாமியார் எனக்குக் காட்டவிடவில்லை. மயக்கம் தெளிவதற்குள் என் கணவர் அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார். பெண் குழந்தை என்று மட்டும் சொன்னார்.

பொத்தேரியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். விடுப்பு முடிந்து திரும்பியபோது பரிணாமப் பாடம் பாதியில் நின்றிருந்தது. குரங்கிலிருந்துதான் மனிதன் வந்தானா என்று வழக்கம்போல ஒரு மாணவி கேட்டாள். இல்லை, வெகுகாலத்துக்கு முன் இரண்டுக்கும் ஒரே மூதாதை இருந்தது, அதிலிருந்து பிரிந்த கிளைகள் நாம் என்றேன். அடுத்து, பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பிடித்துக்கொள்ளும், தாயின் ரோமத்தைப் பற்றித் தொங்கிய காலத்தின் மிச்சம் அது என்று சொல்ல வேண்டும். வருடா வருடம் சொல்வதுதான். அன்று அதை விட்டுவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் வண்டலூரில் எங்கள் ஃப்ளாட்டுக்கு எதிரே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் ஷாக் அடித்து ஒரு குரங்குக் குட்டி செத்தது. தாய் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் மொட்டைமாடிக்கு வந்துவிட்டது. ஈ ஓட்டியது. பேன் பார்த்தது. ஒரு கையால் மார்போடு அணைத்தபடி மூன்று காலில் நடந்தது. உடல் கறுத்துச் சுருங்கிய பிறகும் கீழே வைக்கவில்லை. நாற்றம் தாங்காமல் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குத் திட்டினார்கள்.

அசோசியேஷன் செயலாளர் ஓர் ஆளைக் கூட்டிவந்தார். அந்த ஆள் பட்டாசு கொளுத்திப் போட்டதும் தாய் மிரண்டு தண்ணீர்த் தொட்டி மேல் தாவியது. குட்டி நழுவி விழுந்தது. கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள் அண்ணா என்று கேட்டேன்.

"எவ்ளோ நேரம்க்கா வுடறது? செத்தது தெரியாம தூக்கிகினு கீது," என்று சொல்லிக்கொண்டே குட்டியைக் குச்சியால் தள்ளிப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

அதற்குத் தெரியாது என்று எனக்குத் தோன்றவில்லை. அது இறங்கிவந்து குட்டி விழுந்த இடத்தை முகர்ந்தது. கைப்பிடிச்சுவரில் ஏறி, அந்தக் கவரை ஏற்றிய குப்பை வண்டி போகும் வரை தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் அது வரவில்லை.

அன்று சாயங்காலம் கணவரிடம் முதல்முறையாகக் கேட்டேன், அவளை எப்படிக் கொண்டுபோனீர்கள் என்று. ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"ஆட்டோல. மடியிலயே வச்சிருந்தேன். அப்பா கேட்டாரு, குடுக்கல," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை இடுகாட்டுக்குக் கூட்டிப்போனார். மதிலோரம் யாரோ கட்டட இடிபாடுகளைக் கொட்டியிருந்தார்கள். இங்கேதான் என்று ஓரிடத்தைக் காட்டினார். கொஞ்சம் தள்ளிப்போய், இல்லை, இந்தப் பக்கமாக இருக்கும் என்றார். பிறகு மறுபடி முதல் இடத்துக்கே திரும்பி வந்தார். நான் கொண்டுபோயிருந்த பூவை வெறும் மண்ணில் வைத்தேன்.