மூன்று வயதுக்கு ஒரு வட்டம்

மகளுக்கு மூன்று வயது நிறைந்ததும் அரசாங்கக் கிளினிக்கில் வளர்ச்சிப் பரிசோதனை. எடை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள், கட்டைகளை அடுக்கச் சொன்னார்கள். கடைசியாக மிஸ்ஸி (தாதியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டி, அதே போல் போடச் சொல்லிப் பென்சிலை நீட்டினார். மகள் அதை வாங்கினாள், திருப்பிப் பார்த்தாள், மரியாதையாக என் மடியில் வைத்துவிட்டாள். மூன்று முறை கேட்டும் அதே மரியாதை.

"பரவால்லலா தங்கச்சி, அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க. அப்பவும் போடலன்னா டாக்டருக்கு எழுதிக் குடுக்கிறேன்," என்றார். பிறகு பதிவுக்காக, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். ஓவியர் என்றேன். அவருடைய பேனா சற்று நின்று, பிறகு எழுதியது.

நான் கல்லூரியில் ஓவியம் படித்துப் பட்டம் வாங்கியவள். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுக்கிறேன். அவர்கள் எல்லாரும் வட்டம் போடுகிறார்கள். சிலர் வெளிச்சம், நிழல் எல்லாம் சேர்த்துக்கூடப் போடுகிறார்கள்.

என் கணவர் செம்பனை ஆலையில் வேலை செய்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மில்லில் இத்தனை வருஷமாக யாரும் தன்னை வட்டம் போடச் சொன்னதில்லை, இருந்தும் சம்பளம் வருகிறது என்று ஆறுதல் சொன்னார். சுங்கை ஆயர் தாவாரில் இருக்கும் நாத்தனார் போனில் வேறு விதமாக ஆறுதல் சொன்னார்: "ஓவியர் வீட்டுப் பிள்ளைக்கே பென்சில் புடிக்கத் தெரியலயா? என் மவன் ரெண்டு வயசுலயே செவுரு பூரா வரைஞ்சான்லா."

எனக்கு முப்பது நாள் இருந்தது. நாத்தனார் மகனின் சுவரை மிஞ்சுவதற்கு அல்ல. டாக்டருக்கு எழுதப்படும் அந்தக் கடிதம் எழுதப்படாமல் இருப்பதற்கு. கைத்தசையில் குறையா, கண்ணிலா, புத்தியிலா, என் கவனிப்பிலா என்று ஒவ்வொரு மத்தியானமும் போனில் தேடினேன். நான்குமே இருக்கலாம் என்று போன் பதில் சொன்னது.

ஆகவே எனக்குப் பிடித்த உத்திகளை எல்லாம் களத்தில் இறக்கினேன். முதலில் கரித்தேய்ப்பு. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் செம்பனை மரத்தில் மெல்லிய தாளைப் பொருத்தி, கரிக்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்தால், மட்டை வெட்டிய தழும்புகள் செதில் செதிலாகத் தாளில் ஏறும். இதைவிடப் பொய் சொல்லாத கோடு எனக்குத் தெரியாது. மரத்துக்குப் பதிலாகப் பால் டின் மூடியைத் தாளுக்கு அடியில் வைத்தேன். மகள் தேய்த்தாள். அருமையான வட்டம் வந்தது. இது என்ன என்று கேட்டேன். "மூடி," என்றாள். அறிவில் குறையில்லை என்பது மட்டும் உறுதியானது.

அடுத்தது மெழுகு. தடித்த தாளில் மெழுகுவர்த்தியால் வரைந்தால் கண்ணுக்குத் தெரியாது. மேலே கடுந்தேநீரைப் பூசினால் மெழுகு பட்ட இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். நான் மெழுகால் வட்டம் போட, அவள் தூரிகையால் தேநீர் பூசினாள். வட்டம் தோன்றியதும் கை தட்டினாள். பிறகு மிச்சத் தேநீரைக் குடித்துவிட்டாள். அன்றைய மத்தியானத்தை மெழுகு விஷமா என்று தேடுவதில் கழித்தேன்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்த ஒட்டுவேலை. தஞ்சோங் காராங் அரிசிப் பையின் காகிதம், பழைய நாளிதழ், மாவுப் பசை, மேலே கறுப்பு மை, ஈரம் காயும் முன் துணியால் பாதியைத் துடைத்தெடுப்பது. அவள் கிழித்துக் கொடுத்தாள், நான் வட்டமாக அடுக்கினேன். பிரமாதமாக வந்தது. ஓரத்தில் என் கையெழுத்தையும் போட்டு நிமிர்ந்தபோதுதான், அவள் எப்போதோ தூங்கிப்போயிருந்தது தெரிந்தது.

கடைசியில் அவள் கையைப் பிடித்தே போடவைத்தேன். என் கைக்குள் அவள் விரல்கள் தளர்ந்து கிடந்தன. கையை எடுத்தால் பென்சில் விழும். "பாப்பா போடு," என்றால், "அம்மா போடும்," என்பாள். அடமெல்லாம் இல்லை, இந்த வீட்டில் யாருக்கு எந்த வேலை என்று எனக்கு நினைவூட்டுவது போல.

மறுபரிசோதனைக்கு முந்தின நாள் ஒரு யோசனை வந்தது. சின்ன வயதில் அவள் கிறுக்கியதை எடுத்துக்கொண்டு போய், பாருங்கள், இவளால் முடியும் என்று மிஸ்ஸியிடம் காட்டலாம். ஒன்றரை வயதிலிருந்தே நிறையக் கிறுக்கியவள்தான். என் ஓவியக் கோப்பைத் திறந்தேன். கிறுக்கல்கள் எல்லாமே இருந்தன, என் ஓவியங்களுக்கு அடியில். ஒன்றின் மேல் நீர்த்த மையைப் பூசி ஆற்றுமுகத்துவாரம் ஆக்கியிருந்தேன். ஒன்றை வாலாக வைத்துக் குரங்கு வரைந்திருந்தேன். ஒன்றின் மேல் நெல்வயல் ஒட்டியிருந்தேன். குழந்தையின் கோடும் தாயின் மையும் கலந்த கலப்பு ஊடகம் என்று எழுதிப் பதிவேற்றி, நிறையப் பாராட்டும் வாங்கியிருந்தேன். அவள் போட்டது போட்டபடியே இருக்கும் தாள் ஒன்றுகூட இல்லை. கோப்பை மூடிவிட்டு, சோற்றை அடுப்பில் வைத்தேனா இல்லையா என்று நினைவில்லாமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் கிளினிக்கில் மிஸ்ஸியிடம் அதைச் சொன்னேன். சுற்றி வளைத்துத்தான் சொன்னேன், இருந்தாலும் அவருக்குப் புரிந்தது.

"தங்கச்சி, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க."

கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே சத்தமே இல்லை. அழுகிறாளோ என்று காது கொடுத்தேன், அழாமல் இருப்பதற்கு என்ன காரணம் என்று அதற்கும் பயந்தேன். கதவு திறந்து நான் உள்ளே போனபோது மகள் மேசையில் தலையைச் சாய்த்து ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் உருளைக்கிழங்கு போல ஒன்று இருந்தது. மேல் பக்கம் இரண்டு முனையும் சேரவில்லை.

"மிஸ்ஸி, முனை சேரலயே."

"மூணு வயசுக்கு இது போதும்லா. கடிதம் வேணாம்." பதிவேட்டில் சரி போட்டுவிட்டுப் பென்சில் பக்கம் பார்த்தார். என் கை அதை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தது. "நீங்க தொடாதிங்க."

மகள் இன்னொரு தாள் கேட்டாள். மிஸ்ஸி கொடுத்தார். அடுத்தவருக்கு எண் அழைத்தாகிவிட்டது, இருந்தாலும் அவள் இரண்டாவது உருளைக்கிழங்கைத் தொடங்கிவிட்டாள். கோடு தாளின் ஓரத்தைத் தாண்டி மேசை மேல் போனது. நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.